குடைக்காரிக்கு ஒரு கடைசி இதழ்

குடைக்காரியை நிறுத்தப் போகிறேன் என்று முதலாளி சொன்னபோது அவர் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. இப்படி ஒரு செய்தியைச் சொல்கிறவர் வாயைத் துடைத்துக்கொண்டாவது சொல்ல வேண்டாமா? மனுஷன் அதுகூடச் செய்யவில்லை. மென்றுகொண்டே, "அடுத்த மாசத்தோட சரிம்மா. அதுவும் வழக்கமா போடுற பக்கத்துல பாதிதான்" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த சின்னவளுக்குச் சட்டென்று ஒன்றும் உறைக்கவில்லை. பதினோரு வருஷமாகக் குடைக்காரி கதையை எழுதுகிறவள் அவள்தான். படம் போடுகிறவள் அவளுடைய அக்கா. முழங்கால் வரை தொங்கும் கோட்டு, கிளி மூக்கு, கையில் நீளமான கறுப்புக் குடை என்று ஒரு பொம்பளை மாதாமாதம் வந்து திருடர்களை வெளுத்து வாங்கும் படக்கதை இதழ். டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆபீஸிலிருந்துதான் அத்தனை இதழும் வந்தது. பிரித்தால் லேசாக ரப்பர் வாசனைகூட அடிக்கும்.

"ஏன் சார் நிறுத்துறீங்க?"

"வாங்க ஆளில்லம்மா. நம்ம புதிர்ப் புத்தகம் பாரு, எப்படிப் பறக்குது! கட்டம் போட்டு நம்பர் வெச்சா போதும், கதையும் வேணாம், மூக்கும் வேணாம்." மேஜையைத் தட்டினார். "இன்னொண்ணு. கடைசி இதழ்ல அவ செத்துடணும்."

"என்ன சார்?"

"செத்தாத்தான் விக்கும். உயிரோட இருக்கிறவளை யாரு திரும்பிப் பாக்குறா? அட்டைகூட ரெடி." எடுத்துக் காட்டினார். கன்னங்கரேல் அட்டை, நடுவில் ஒற்றைக் குடை, ரத்தச் சிவப்பில் 'குடை சாய்ந்தது!' என்று கொட்டை எழுத்து.

"அவ சாகலேன்னா?"

"சாகலேன்னா அச்சு இல்ல. போன மாசத்தோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம்."

சின்னவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் அவள் குடைக்காரியை எங்கே விட்டிருந்தாள் தெரியுமா? மணிக்கூண்டின் பெரிய முள்ளில், குடைக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு தொங்க விட்டிருந்தாள்! கீழே பல்லைப் பிடுங்கும் வில்லன் பல் டாக்டர் குறட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். அச்சு இல்லையென்றால் பாவம் அவள் காலாகாலத்துக்கும் அங்கேயே தொங்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீடென்றால் பெரியவள் வீடு. அங்கே ஜன்னலோரம் கிடக்கும் சாப்பாட்டு மேஜைதான் சகோதரிகளின் பட்டறை. அம்மா இருப்பதும் அங்கேதான்.

"செத்துடணுமாமா? யாரு?" என்றாள் அம்மா, தண்ணீர் குடித்துக்கொண்டே.

"நீதான்" என்றாள் பெரியவள்.

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் மகள்கள் இரண்டு பேரும் முதுகைத் தட்டினார்கள்.

விஷயம் இதுதான். குடைக்காரி வேறு யாருமில்லை, அம்மாதான். அந்தக் காலத்தில் அவள் வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு குடை. ஒருநாள் எவனோ ஒருவன் பையைப் பறித்துக்கொண்டு ஓட, குடையைத் திருப்பிப் பிடித்து அவன் கணுக்காலில் மாட்டி ஒரு இழு இழுத்தாள் பாருங்கள், குப்புற விழுந்தான். "விழுந்ததுல அடிபட்டுடுச்சா" என்று கேட்டு மருந்தும் போட்டு அனுப்பினாள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெரியவள் படமாகப் போட, சின்னவள் கதையாக நீட்ட, அப்படிப் பிறந்தவள் குடைக்காரி. மூக்கு அம்மாவுடையது. இடுப்பில் கை வைத்து முறைக்கிற முறைப்பும் அம்மாவுடையது. வில்லன்களைத் திட்டுகிற திட்டு மொத்தமும் மகள்கள் சின்ன வயதில் வாங்கிக் கட்டிக்கொண்டது.

அம்மா சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எப்படிச் சாகப் போறேன்? நல்லதா ஏதாவது போடுங்கடி, வயித்து வலி கியித்து வலின்னு போட்டு மானத்தை வாங்காதீங்க." துணி மடிக்க உட்கார்ந்ததும் குரல் இறங்கியது.

"ஏண்டி, நிஜமாவே சாகடிக்கப் போறீங்களா?"

"கதைதானேம்மா."

"கதைதான். யாரு இல்லேங்கறா? ஆனா தெருவுல எல்லாரும் என்னைக் குடைக்காரின்னுதான் கூப்பிடுறாங்க. மருந்துக் கடைக்காரன்கூட. நாளைக்கு அவன் என்னைப் பாத்து 'அய்யோ பாவம், போயிட்டீங்களே'ன்னா நான் என்ன சொல்றது? இந்த வயசுல இதை வேற கேக்கணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மடித்து வைத்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "உன்னைக் கொல்ல மாட்டேம்மா. சத்தியமா" என்று சொல்லிவிட்டாள்.

சத்தியம் செய்ய நாக்கு போதும். காப்பாற்றத்தானே மூளை வேண்டும்! கொல்லாவிட்டால் அச்சு இல்லை, கொன்றால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? சின்னவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். செத்தது அவளுடைய இரட்டைச் சகோதரி என்று எழுதிப் பார்த்தாள். அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆவியாக வருகிறாள் என்று எழுதினாள், அம்மா எட்டிப் பார்த்து, "ஆவியானா குடையை எப்படிப் பிடிப்பேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்வி. அதையும் கிழித்துப் போட்டாள்.

பெரியவள் பாடு அதைவிட மோசம். சும்மா பழகிப் பார்ப்போமே என்று கண்ணை மூடிய குடைக்காரி முகத்தைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. அழித்தாள், போட்டாள், அழித்தாள். கடைசியில் பென்சிலைத் தூக்கி எறிந்தாள்.

"எனக்கு வரலைடி. இத்தனை வருஷத்துல ஒரு கட்டத்துல, ஒரே ஒரு கட்டத்துலகூட நான் அவளுக்குக் கண்ணை மூடிப் போட்டதில்ல தெரியுமா?"

"அதெப்படி? தூங்கினதே இல்லையா அவ?"

"நீதான் அவளைத் தூங்க விடலையே! ஒரு சண்டை முடியறதுக்குள்ள அடுத்தவனை அனுப்பிடுற. பாவி." பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அம்மாவைப் பாத்துப் போடலாம்னா, அம்மா தூங்கி நீ பாத்திருக்கியா?"

சின்னவள் யோசித்தாள்.  அப்பா போன பிறகு அம்மா பகலில் வீடு வீடாக அலைந்தாள், ராத்திரி ஆஸ்பத்திரி டூட்டி பார்த்தாள். இவர்கள் கண் விழிக்கும்போது அம்மா விழித்திருப்பாள், கண் மூடும்போதும் விழித்திருப்பாள். "அஞ்சு நிமிஷம் கண் அசந்துட்டு வரேன்" என்பாள் அடிக்கடி. சொல்லிவிட்டு அடுப்படிக்குத்தான் போவாள். வேலையை விட்டு இத்தனை நாளாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் முதலில் வந்து நிற்கிறவள் அவள்தான்.

"பாத்ததே இல்லக்கா" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடி மாடுகளும் சேர்ந்து பெற்ற தாயைத் தூங்க வைக்க முயற்சி செய்தார்கள். வயிறு முட்டச் சோறு போட்டார்கள். திரைச்சீலையை இழுத்து விட்டார்கள். ரேடியோவில் யாரோ ஒருத்தர் மண்புழு உரத்தைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார், அதை வைத்தார்கள். அம்மா படுத்தாள். அக்காவும் தங்கையும் நோட்டும் பென்சிலுமாகக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். சத்தமே இல்லை. மெல்ல எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி வேணும்?" என்றாள் அம்மா, கண்ணை அகல விரித்துக்கொண்டு. "மண்புழுவைப் பத்தி நல்லா சொல்றாரு, உள்ள வந்து கேளுங்க."

சின்னவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் அது தோன்றியது. எழுந்து அக்காவின் கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா! அவ சாக வேணாம், தூங்கட்டும்! படத்துல பாத்தா செத்த மாதிரி இருக்கட்டும். படிச்சாத்தானே தூங்குறான்னு தெரியும்? நம்ம முதலாளி என்னைக்குப் படிச்சிருக்காரு?"

பெரியவள் வாயைப் பிளந்தாள். ஏனென்றால் அது அப்பட்டமான உண்மை. அந்த ஆபீஸின் வழக்கமே அதுதான். பெரியவள் போட்ட பக்கங்கள், பாத்திரங்களின் பேச்சை எழுதும் பலூன்களெல்லாம் காலியாக இருக்க, முதலாளி மேஜைக்குப் போகும். அவர் புரட்டிப் பார்த்து "சரி" என்பார். அதற்கப்புறம்தான் எழுத்தண்ணன் என்று எல்லாரும் கூப்பிடும் மனிதர் பேனாவால் பலூன்களை நிரப்புவார். நிரப்பியது நேராக அச்சுக்கு. "படம் பேசணும்மா, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்பது முதலாளியின் கொள்கை. ஒருமுறை எழுத்தண்ணன் ஒரு போலீஸ்காரன் வாயில், 'எங்க முதலாளி சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கார்' என்று எழுதி, அது அச்சாகி, ஊரெல்லாம் படித்து, முதலாளி மட்டும் இன்னும் மாற்றித்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எழுத்தண்ணனிடம் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "நான் இதுக்குத்தான்மா இவ்வளவு நாளா காத்திருந்தேன்" என்றார்.

அப்புறம் என்ன, வேலை பறந்தது. தூங்கும் முகத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அம்மாவைக் கண்ணை மூடி நடிக்கச் சொன்னால் ஒற்றைக் கண்ணால் திருட்டுப் பார்வை பார்த்தாள். கடைசியில் வழி பிறந்தது சின்னவளால்தான். ஒரு மத்தியானம் எழுதிக்கொண்டே மேஜையில் கன்னத்தை வைத்து அயர்ந்துவிட்டாள். எழுந்து பார்த்தால் எதிரே பெரியவள் பென்சிலும் கையுமாக ஈயென்று இளித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் அதே மூக்குதானேடி! இது எனக்கு முன்னாடியே தோணலையே. வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டுத் தூங்குற, அதையும் போட்டுட்டேன்."

பக்கங்களை எடுத்துக்கொண்டு எழுத்தண்ணனோடு சேர்த்து மூன்று பேரும் டயர் கடை மாடி ஏறினார்கள்.  இந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்தால் போச்சு. குடைக்காரி மணிக்கூண்டிலேயே தொங்க வேண்டியதுதான், சத்தியமும் போச்சு.

முதலாளி புரட்டினார். மணிக்கூண்டு முள்ளிலிருந்து குடைக்காரி விழுகிறாள், குடை விரிகிறது, பல் டாக்டரின் தலை மேலேயே வந்து இறங்குகிறாள். "ம்" என்றார். அடுத்து, தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்கு நடக்கிறாள். "அடிபட்டிருக்கு போல, பாவம்." அடுத்து, வாசலில் நின்று கண்ணை இறுக்கி மூடி வாயை அகலத் திறந்திருக்கிறாள்.

"அய்யோ! கடைசி மூச்சு!" என்றார் முதலாளி. "என்ன வேதனை பாரும்மா அந்த முகத்துல!"

அது கொட்டாவி. எழுத்தண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமத் தொடங்கினார்.

கடைசிப் படம் இரண்டு பக்கத்துக்கும் விரிந்திருந்தது. கட்டிலில் குடைக்காரி, கழுத்து வரை வெள்ளைப் போர்வை, சுவரில் சாய்த்து வைத்த குடை. சுற்றிலும் அவளிடம் உதை வாங்கிய அத்தனை பேரும், அவள் காப்பாற்றிய அத்தனை பேரும். எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருவன் மட்டும் இன்னொரு கையால் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடித்திருந்தான்.

"செருப்பைக்கூடக் கழட்டிட்டாங்களே! என்ன மரியாதை!" முதலாளியின் குரல் கம்மியது. "இந்த மீசைக்காரன் கைக்குட்டையால வாயைப் பொத்திட்டு அழறான். கடிகாரம்கூட நின்னு போச்சு! காலமே நின்னுடுச்சுன்னு சொல்ல வர்றீங்க, புரியுது, எனக்குப் புரியுது." சட்டென்று நிறுத்தினார். விரலால் ஒரு மூலையைத் தட்டினார். "அது சரி, இந்தப் பல் டாக்டர் எதுக்கு விரலை உதட்டுல வெச்சிருக்கான்?"

 பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை எழுத்தண்ணனைப் பார்த்தாள். எழுத்தண்ணன் இருமலை நிறுத்திவிட்டார்.

"மௌன அஞ்சலி சார்" என்றாள் சின்னவள்.

"அடடா" என்றார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விரோதியே அஞ்சலி செலுத்துறான்! அச்சுக்கு அனுப்புங்க."

மாடிப்படி இறங்கும்வரை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டார்கள். தெருவுக்கு வந்ததும் மூன்று பேரும் டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடைக்காரர் வெளியே வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

இதழ் வந்த அன்று காலையில் முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்தார்கள். அவள் ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, சின்னவள் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். கறுப்பு அட்டையைப் பார்த்து முகம் சுருங்கியவள், பல் டாக்டர் தலையில் இறங்கும் இடத்தில் தொடையைத் தட்டினாள். வாசலில் குடைக்காரி கொட்டாவி விட்டு, 'அஞ்சு நிமிஷம் கண் அசந்துட்டு வரேன்' என்று சொல்லும் இடத்தில் நிறுத்தினாள்.

"இது என் வார்த்தையாச்சேடி."

"ஆமாம்மா. நீ சொல்லுவ, ஆனா செய்ய மாட்ட."

அம்மா பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் படத்தில் எழுத்தண்ணன் எழுத்துகளைப் பொடிப்பொடியாகப் போட்டிருந்தார், எல்லாரும் ரகசியம் பேசுகிறார்களல்லவா! அம்மா நாளிதழ் படிக்கும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். மீசைக்காரன், 'தும்மல் வருது, அடக்கிக்கிறேன்' என்றான். பெண்டுலத்தைப் பிடித்திருந்தவன், 'டிக் டிக்னு உயிரை எடுத்துச்சு, அதான் நிறுத்திட்டேன்' என்றான். பல் டாக்டர், 'உஷ்! இன்னைக்கு எல்லாருக்கும் லீவு. எவனாவது எதையாவது திருடினீங்க, பல்லைப் பிடுங்கிடுவேன். தூங்கட்டும் பாவம்' என்றான்.

அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்து வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"எவ்வளவு நிம்மதியாத் தூங்குறா பாரு" என்றாள். இதழை நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டாள். "நல்லா இருக்குடி. நானும் அஞ்சு நிமிஷம் கண் அசந்துக்கறேன்."

வழக்கம்போல எழுந்து அடுப்படிக்குப் போவாள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் எதேச்சையாகத் திரும்பினாள். தங்கையின் தோளை இறுகப் பிடித்தாள்.

அம்மா தூங்கிவிட்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, இதழ் மூச்சோடு மேலும் கீழும் ஏறி இறங்க. சின்னவள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினாள். பெரியவள் மின்விசிறியைக் குறைத்தாள். சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. அழுதால் சத்தம் கேட்குமே என்று கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவைத் திறந்துகொண்டு முதலாளி நுழைந்தார், முகமெல்லாம் வேர்வை.

"என்னம்மா, என்னை முட்டாளாக்கிட்டீங்க! அவ சாகவே இல்லையாமே! காலையிலேர்ந்து போன் மேல போன். அதுவும் போன் பண்றவன் ஒருத்தன்கூட வாயைத் திறந்து பேச மாட்டேங்கறான், 'அவ எப்ப எழுந்திருப்பா'ன்னு கிசுகிசு கிசுகிசுங்கறான்..."

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் விரலை உதட்டில் வைத்தார்கள்.

"உஷ்!"

முதலாளி அப்படியே நின்றார். அவர்களைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அந்த மூக்கைப் பார்த்தார். நெஞ்சின் மேல் கவிழ்ந்திருந்த கறுப்பு அட்டையைப் பார்த்தார். சுவரோரம் ஒரு நிஜக் குடை சாய்ந்து நின்றது. எத்தனையோ வருஷமாகத் தான் அச்சடித்து விற்றது யாரை என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, என்ன ஆச்சு அவங்களுக்கு?" என்றார் மெல்ல.

"ஒண்ணும் ஆகல சார்" என்றாள் சின்னவள் காதோடு காதாக. "தூங்குறாங்க. முதல் தடவையா."

 முதலாளி குனிந்து சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"தூங்குறாங்கப்பா" என்று கிசுகிசுத்தார். "எழுந்ததும் சொல்றேன்."